பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனுக்கு எந்த எலைசா பிளேட்? மூன்று வகையையும் வைத்து வேலை செய்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் 1 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்க உங்கள் ஆய்வகத்திலேயே எலைசா (பிளேட்டின் குழிகளில் புரதத்தை ஒட்டிவைத்து, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) அமைக்கப் போகிறீர்கள் என்றால், என் முதல் தேர்வு, பயோட்டின் என்ற வைட்டமினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய பிளேட். அதுவும் அதிகக் கொள்ளளவு உள்ளது. கூடவே, சி-முனையில் (புரதச் சங்கிலியின் கடைசி முனையில்) மட்டும் பயோட்டின் ஏற்றிய புரதம் வேண்டும். அது கைக்கு எட்டாது என்றால் ஹை பைண்டிங், அதாவது புரதம் அதிகமாக ஒட்டும் பிளேட்டே போதும். ஆனால் எந்த ஹை பைண்டிங் பிளேட் என்பதைக் கேட்லாக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டொமைன் 1-ஐ (அந்தப் புரதத்தின் முதல் பகுதியை) மட்டும் பிடிக்கும் ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியை (ஒரே இடத்தைப் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடியை) வைத்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள். எதுவும் ஏற்றாத சாதாரண பாலிஸ்டைரீன் பிளேட்டை இந்த வேலைக்கு நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஆன்டிபாடி, ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறியைக் கண்டறியும் மூன்று ஆய்வகச் சோதனைகளில் ஒன்று. ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்வதும், கரு திரும்பத் திரும்பக் கலைவதும் அந்த நோயின் அடையாளங்கள். ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்கிறது 2006-ல் வெளியான வகைப்பாட்டு விதி. முதல் தடவையே பிளேட் புரதத்தின் தவறான பக்கத்தைக் காட்டி 'நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் போய்விட்டால், அந்த நோயாளி இரண்டாம் தடவை ரத்தம் கொடுக்கவே வரமாட்டார். பிளேட் வாங்குவது சில்லறைச் செலவுக் கணக்கில் வரும் விஷயம் என்று நினைக்கிறவர்களிடம் நான் வாதாடுவது இதற்காகத்தான்.

அந்தப் புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் மற்றது புரியும். 326 அமினோ அமிலங்கள், ஐந்து டொமைன்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளமான சங்கிலி. 1999-ல் வந்த படிகக் கட்டமைப்பில் அது தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பது தெரிந்தது. ஐந்தாவது டொமைன் கொழுப்புப் படலத்தில் போய் ஒட்டும் பகுதி. நேர்மின்னேற்றம் உள்ள லைசின்கள் அங்கே நிறைய உண்டு. நோயோடு நெருங்கிய தொடர்புள்ள ஆன்டிபாடிகள் குறிவைப்பதோ மறுகோடியில் உள்ள முதல் டொமைனை. அதிலும் 39 முதல் 43 வரையிலான அமினோ அமிலங்களை ஒட்டிய ஒரு சிறு இடத்தை. அந்த இடத்திலும் ஆர்ஜினின்கள் இருப்பதால் அதற்கும் நேர்மின்னேற்றம்தான். ஆக, புரதத்தின் இரண்டு முனையும் எதிர்மின்னேற்றம் உள்ள பரப்பை நோக்கி இழுபடக்கூடியவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிளேட் சமாச்சாரம் முழுக்க இதில்தான் நிற்கிறது.

ரத்தத்தில் மிதக்கும்போது இது வட்டமாக மூடிக்கொண்டிருக்கும், எதிர்மின்னேற்றப் பரப்பைத் தொட்டதும் திறந்து நீளும் என்று 2010-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்துச் சொன்னார்கள். மிதக்கும்போதே பெரும்பாலும் நீண்டுதான் இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் மறுத்தன. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் எலைசா செய்கிறவருக்கு ஒன்று மாறாது. டொமைன் 1 திரவத்தைப் பார்த்து இருந்தால் ஆன்டிபாடி பிடிக்கும். பிளாஸ்டிக்கைப் பார்த்து இருந்தால் பிடிக்காது. அலமாரியில் முதுகை உள்ளே தள்ளி அடுக்கிய புத்தகம் மாதிரி, பொருள் அங்கே இருக்கும், தேடுகிறவர் கண்ணுக்குத் தலைப்பு தெரியாது.

சரி, பிளேட்டுக்கு வருவோம். பாலிஸ்டைரீன் இயல்பில் நீரை வெறுக்கும் பிளாஸ்டிக். புரதத்தை பஃபரில் கரைத்துக் குழிகளில் ஊற்றி ஓரிரவு 4 டிகிரியில் வைத்தால், புரதத்தின் நீர்வெறுக்கும் பகுதிகள் பிளாஸ்டிக்கில் போய் அப்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் ஒட்டும் என்பதை நாம் சொல்ல முடியாது. ஒட்டிய பிறகு சில புரதங்கள் மடிப்புக் குலைந்து தட்டையாகவும் ஆகிவிடும். ஹை பைண்டிங் என்று விற்பவற்றில் அதே பிளாஸ்டிக்கைக் கதிர்வீச்சாலோ வேறு முறையாலோ ஆக்ஸிஜன் ஏற்றிய பரப்பாக மாற்றியிருப்பார்கள். அங்கே நீர்விரும்பும் குழுக்களும் கொஞ்சம் எதிர்மின்னேற்றமும் சேர்ந்துகொள்ளும். நங்க் கம்பெனியின் பாலிசார்ப், மேக்ஸிசார்ப் என்ற இரண்டு பெயர்களும் இந்த இரண்டு கோடிகளைக் குறிப்பவைதான். முன்னது பெரும்பாலும் நீர்வெறுப்பி, பின்னது இரண்டு குணமும் கலந்தது.

கேட்லாக்கில் இவற்றுக்கு எதிரே ஓர் எண் இருக்கும், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை நானோகிராம் ஐஜிஜி (ரத்தத்தில் அதிகம் உள்ள ஆன்டிபாடி வகை) ஒட்டும் என்று. ஹை பைண்டிங் என்றால் 400, 600 என்று போகும், சாதாரணமானது 200-க்குப் பக்கத்தில் நிற்கும். எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்த எண் ஐஜிஜிக்கு அளந்தது, உங்கள் புரதத்துக்கு அல்ல என்பது முதல் விஷயம். எவ்வளவு ஒட்டுகிறது என்பதை மட்டும் அது சொல்லும், எந்த முகம் வெளியே இருக்கிறது என்பதைச் சொல்லாது என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

இந்தப் புரதத்தின் வரலாற்றிலேயே இதற்கு அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1994-ல் ஜப்பானைச் சேர்ந்த எய்ஜி மட்சூராவின் குழு, நோயாளிகளின் ஆன்டிபாடிகள் சாதாரண பிளேட்டில் ஒட்டிய பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனைக் கண்டுகொள்ளவில்லை, கதிர்வீச்சு ஏற்றிய பிளேட்டில் ஒட்டியதைப் பிடித்தன என்று காட்டியது. அன்றிலிருந்து இந்தச் சோதனைக்குக் கதிர்வீச்சு ஏற்றிய பிளேட் என்பது வழக்கமாகிவிட்டது. அப்புறம் 2005-ல் பாஸ் டி லாட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் கிட்டத்தட்ட எதிர்த்திசையில் ஒன்றைச் சொன்னார்கள். டொமைன் 1-இன் அந்தச் சிறு இடத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகள் நீர்வெறுக்கும் பிளேட்டில் ஒட்டிய புரதத்தைப் பிடிக்கின்றன, நீர்விரும்பும் பிளேட்டில் ஒட்டியதைப் பிடிப்பதில்லை என்று. ரத்த உறைவோடு வலுவாகத் தொடர்புபட்டதும் அந்த வகை ஆன்டிபாடிகள்தான். 2013-ல் கடையில் கிடைக்கும் கிட்டுகளை ஒப்பிட்டபோதும் அந்த இடம் கிட்டுக்கு கிட் வேறுவேறு அளவில் வெளியே தெரிந்தது.

இந்த இரண்டு முடிவுகளில் ஒன்று தவறு என்று நான் நினைக்கவில்லை. 'நீர்விரும்பும் பிளேட்' என்பது ஒரே பொருள் அல்ல. கதிர்வீச்சின் அளவு, ஏறிய ஆக்ஸிஜன் குழுக்களின் வகை, பஃபர் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதிர்மின்னேற்றம் ஐந்தாம் டொமைனை இழுத்தால் டொமைன் 1 மேலே நிற்கும். அதே மின்னேற்றம் டொமைன் 1-இன் ஆர்ஜினின்களை இழுத்தால் அது கீழே புதையும். எது ஜெயிக்கும் என்பதைப் பெட்டியின் மேல் உள்ள பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

நான் செய்து பார்த்த சோதனையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கேட்லாக் கொள்ளளவு கிட்டத்தட்ட சமமாக உள்ள இரண்டு கம்பெனிகளின் ஹை பைண்டிங் பிளேட்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒரே குப்பியிலிருந்து பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், பாஸ்பேட் பஃபர், குழிக்கு 100 மைக்ரோலிட்டர். ஓரிரவு குளிரில். மறுநாள் கழுவி, பிஎஸ்ஏ என்ற மாட்டு ரத்தப் புரதம் கொண்டு மீதி இடத்தை அடைத்துவிட்டு, பாதிக் குழிகளில் பாலிகுளோனல் ஆன்டிபாடி (பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை), மீதிப் பாதியில் டொமைன் 1 மோனோகுளோனல். பாலிகுளோனல் புரதத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் பிடிக்கும் என்பதால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். மோனோகுளோனல் நமக்கு வேண்டிய முகம் தெரிகிறதா என்பதை மட்டும் சொல்லும்.

நிறம் தரும் டிஎம்பி கரைசலை ஊற்றியதும் பாலிகுளோனல் வரிசைகள் இரண்டு பிளேட்டிலும் ஒரே வேகத்தில் நீலமாயின. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க முடியாது. மோனோகுளோனல் வரிசைகளில் ஒரு பிளேட் அதே நீலத்துக்கு ஏறியது. மற்றது வெளிர்நீலத்தில் நின்றுவிட்டது. அமிலம் விட்டு நிறுத்தி 450 நானோமீட்டரில் படித்தபோது முன்னதில் பாதிக்கும் குறைவு. ஒட்டிய புரதம் ஏறக்குறைய ஒன்று, தெரியும் முகம் பாதி! நோயாளிகளின் சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) வைத்தபோதும் இதே கதைதான். வலுவான பாசிட்டிவ்கள் இரண்டிலும் பாசிட்டிவாகவே வந்தன. எல்லைக்கோட்டுக்கு மேலே கொஞ்சமாக இருந்த சீரங்கள்தான் இரண்டாவது பிளேட்டில் கோட்டுக்குக் கீழே விழுந்தன. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இன்னொரு புரதத்துக்கு அதுவே நல்ல பிளேட்டாக இருக்கலாம், அடுத்த லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) நிலைமை மாறவும் செய்யலாம். மோனோகுளோனல் அளவைப் பாலிகுளோனல் அளவால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தைத்தான் இப்போது ஒவ்வொரு புது லாட்டுக்கும் பதிவேட்டில் எழுதிவைக்கிறேன். அது கீழே போனால் அந்த லாட் திரும்பிப் போகிறது.

சாதாரண பிளேட்டிலும் இதையே செய்தேன். விகிதம் நன்றாகவே இருந்தது, டி லாட் குழு சொன்னதோடு ஒத்துப்போனது. ஆனால் ஒட்டும் அளவு குறைவு. ஒய் எழுத்து வடிவ ஆன்டிபாடிக்குப் பிடிக்க இரண்டு கைகள் உண்டு; இந்த ஆன்டிபாடிகளில் பல, தனித்தனிக் கையின் பிடி பலவீனமானவை. இரண்டு கையாலும் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்தால்தான் கழுவும்போது தாக்குப்பிடிக்கும். கதிர்வீச்சு பிளேட்டில் அவை ஒட்டியதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம் என்று தொண்ணூறுகளிலேயே சொன்னவர்கள் உண்டு, அது எனக்குச் சரியாகவே படுகிறது. அதோடு சாதாரண பிளேட்டில் சீரத்தின் மற்ற புரதங்கள் சும்மா ஒட்டி வெற்றுக் குழியிலேயே நிறம் காட்டின. அதனால்தான் அதைத் தள்ளிவைத்தேன்.

இனி ஸ்ட்ரெப்டாவிடின் பிளேட். ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவிடினி என்ற பாக்டீரியத்தின் புரதம் அது. நான்கு இடங்களில் பயோட்டினைப் பிடிக்கும், பிடித்தால் கழுவலில் விடவே விடாது. முகம் திருப்பும் வேலையைப் பிளாஸ்டிக்கின் கையிலிருந்து எடுத்து நம் கையில் கொடுப்பதுதான் இதன் பெரிய பலம். பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனின் சி-முனை என்பது ஐந்தாம் டொமைன் பக்கம். அங்கே 15 அமினோ அமிலம் நீளமுள்ள அவிடேக் என்ற வாலைச் சேர்த்துப் புரதத்தைத் தயாரித்து, பிர்-ஏ என்சைம் விட்டால், வாலில் உள்ள ஒரே ஒரு லைசினில் ஒரே ஒரு பயோட்டின் ஏறும். பிளேட்டில் வைத்ததும் ஐந்தாம் டொமைன் கீழே, டொமைன் 1 மேலே. மோனோகுளோனல் சோதனையில் மூன்று வகையிலும் இதுதான் மிக நல்ல விகிதம் தந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது, குழிக்குக் குழி வேறுபாடு குறைந்ததும் லாட் மாறினாலும் விகிதம் அசையாமல் நின்றதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. என்எச்எஸ் பயோட்டின் என்று ரெடிமேடாகக் கிடைப்பதை வாங்கிப் புரதத்தோடு கலந்துவிட்டு, ஸ்ட்ரெப்டாவிடின் பிளேட் வைத்திருக்கிறோம், திசை சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது எந்த லைசின் அகப்பட்டாலும் ஏறும். புரதம் அந்தந்த லைசினால் தொங்கும், ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கும். பிளாஸ்டிக்கில் அப்பித் தட்டையாவதிலிருந்து வேண்டுமானால் காப்பாற்றும். திசைக்கு அது உத்தரவாதம் இல்லை.

கொள்ளளவையும் கவனியுங்கள். குழிக்கு 5 பிகோமோல் பயோட்டின் என்று போட்டிருந்தால், 50 கிலோடால்டன் புரதத்தில் அது கால் மைக்ரோகிராம்தான். அதுவும் சிறிய பயோட்டின் மூலக்கூறை வைத்து அளந்த எண் என்பதால், பெரிய புரதம் இடித்துக்கொண்டு நிற்கும்போது அவ்வளவுகூட ஏறாது. குறைந்த கொள்ளளவு பிளேட்டில் முகம் சரியாக இருந்தும், மூலக்கூறுகள் தள்ளித்தள்ளி நின்றதால் பலவீனமான பாசிட்டிவ்களை இழந்தோம். அதிகக் கொள்ளளவு பிளேட்டுக்கு மாறியதும் அவை திரும்பி வந்தன. முதல் பத்தியில் அதிகக் கொள்ளளவு என்று நான் சேர்த்துச் சொன்னது இதற்காக.

குறைகளும் உண்டு. மூன்று வகையிலும் விலை கூடியது இதுதான், புரதத்தை வாலோடு தயாரிக்கும் செலவு தனி. பூச்சு முன்கூட்டியே போட்டு அடைத்து வருவதால் ஈரம் பட்டால் போச்சு; பையைத் திறந்தால் மீதிப் பட்டைகளை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உடனே மூட வேண்டும். சில நோயாளிகளின் ரத்தத்தில் ஸ்ட்ரெப்டாவிடினுக்கே எதிரான ஆன்டிபாடி இருக்கும், அரிதுதான். அதனால் ஒவ்வொரு சீரத்துக்கும் புரதம் வைக்காத ஒரு ஸ்ட்ரெப்டாவிடின் குழியைச் சேர்த்து ஓட்டாமல் ரிப்போர்ட் கொடுக்க வேண்டாம். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பற்றிக் கேட்பார்கள். புரதத்தை முதலிலேயே பிளேட்டில் ஏற்றிக் கழுவிவிட்டுப் பிறகு சீரம் விடும் முறையில் அது பெரிய தொல்லை தருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்கும் முறைகளில்தான் ஆபத்து.

நிக்கல் பூசிய, ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் பிளேட்டுகளையும் பார்த்தேன். கருத்து நல்லதுதான், பிடி போதாது. நீண்ட நேரம் சீரத்தில் ஊறி, பல தடவை கழுவும் சோதனைக்கு அது தாங்கவில்லை, ஈடிடிஏ (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ரத்த உறைவுத் தடுப்பி) கலந்த ரத்த மாதிரி வந்தால் நிக்கலே கழன்றுவிடும்.

வேறு ஆன்டிபாடிகளுக்கு இதே பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வகை நீரிழிவில் பார்க்கும் இன்சுலின் ஆன்டிபாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 51 அமினோ அமிலம் மட்டும் உள்ள குட்டி ஹார்மோன் அது, பிளாஸ்டிக்கில் ஒட்டினால் பிடிப்பதற்கு இடமே மிஞ்சாது. அதனால்தான் கரைசலில் நடக்கும் கதிரியக்கப் பிணைப்புச் சோதனை எலைசாவைவிட நம்பகமாக நின்றது. அதே நோயில் ஜிஏடி65 என்ற என்சைமுக்கு எதிராக வரும் ஆன்டிபாடிக்கோ எலைசா நன்றாக வேலை செய்கிறது, காரணம் அமைப்பு. ஆன்டிபாடியின் ஒரு கை பிளேட்டில் உள்ள ஜிஏடியையும் மறு கை கரைசலில் உள்ள பயோட்டின் ஏற்றிய ஜிஏடியையும் பிடிக்க வேண்டும். நரம்புறையில் உள்ள எம்ஓஜி புரதத்துக்கு, உயிருள்ள செல்லின் மேல் முழுப் புரதத்தையும் வைத்துப் பார்க்கும் சோதனைதான் இப்போது ஏற்கப்பட்ட வழி. அதை எந்த பிளேட்டில் ஒட்டினாலும், வடிவம் குலைந்த புரதத்தைப் பிடிக்கும், நோயோடு சம்பந்தமில்லாத ஆன்டிபாடிகள்தான் அதிகம் மாட்டின. திசையைச் சரிசெய்வதால் மட்டும் தீராத சிக்கல் அது.

பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனுக்குத் திரும்பினால், ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரே லாட்டிலிருந்து மாதிரி பிளேட்டுகள் கேளுங்கள், விகிதம் திருப்தியாக இருந்தால் ஒரு வருடத் தேவைக்கும் அதே லாட்டை ஒதுக்கிவைக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ரெடிமேட் கிட் வாங்குகிறவர் என்றால் விற்பனையாளரிடம் ஒரே கேள்வி: டொமைன் 1 மோனோகுளோனலோடு இந்தக் கிட்டைச் சோதித்த முடிவு இருக்கிறதா? சிலர் அடுத்த வாரமே அனுப்பிவிடுகிறார்கள். ஐஜிஜி கொள்ளளவு எண்ணை மறுபடி எடுத்து நீட்டுகிறவர்களிடம் நான் வாங்குவதில்லை.